சிடி ஸ்கேனிலிருந்து ரத்தக்குழாய்: வயிற்றுப் பெருந்தமனியை முப்பரிமாணத்தில் எடுப்பது எப்படி

வயிற்றுப் பெருந்தமனிக்கு ஒரு முப்பரிமாண மாதிரி செய்து தாருங்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் வகுப்பில் கையில் எடுத்துக் காட்ட அச்சிட்ட பொருள் கேட்பவர்கள். மற்றவர்கள் அந்தக் குழாய்க்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று கணினியில் கணக்குப் போடப் போகிறவர்கள். முதல் வகைக்குச் சுவர் வேண்டும், சிறு கிளைகள் ஒடியாமல் இருக்க வேண்டும். அகலம் கொஞ்சம் பிசகினாலும் யாருக்கும் தெரியாது. இரண்டாம் வகைக்குச் சுவரே தேவையில்லை, ரத்தம் ஓடும் உள்வெளி போதும். ஆனால் அந்த உள்வெளியின் அகலம் சரியாக இருந்தே ஆக வேண்டும். அதனால் ஸ்கேனைத் திறப்பதற்கு முன்பே, மாதிரி எதற்கு என்று கேட்டு ஒரு வரி எழுதிக்கொள்வேன். பின்னால் எடுக்க வேண்டிய பாதி முடிவுகளை அந்த வரியே எடுத்துவிடும்.

நான் பயன்படுத்துவது 3டி ஸ்லைசர். இலவசம், திறந்த மூல மென்பொருள். அதோடு ‘ஸ்லைசர்விஎம்டிகே’, ‘செக்மென்ட் எடிட்டர் எக்ஸ்ட்ரா எஃபெக்ட்ஸ்’ என்ற இரண்டு நீட்சிகளையும் நிறுவிக்கொள்ளுங்கள். ரத்த ஓட்டக் கணக்கு வரை ஒரே இடத்தில் செய்ய வேண்டுமென்றால் சிம்வாஸ்குலர் இருக்கிறது, அதுவும் இலவசம்தான். ஸ்லைசர் ஆராய்ச்சிக்கான மென்பொருள். ஒரு நோயாளிக்கு என்ன சிகிச்சை என்று முடிவெடுப்பதற்கு அனுமதி பெற்றதில்லை. கற்கவும் கற்பிக்கவும் ஆராயவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஸ்கேன் இல்லையா? ஸ்லைசரின் ‘சாம்பிள் டேட்டா’ பகுதியில் ‘சிடிஏ அப்டொமன் (பனோராமிக்ஸ்)’ என்று ஒன்று இருக்கிறது. வயிற்றுப் பெருந்தமனி கிளைகளோடு நன்றாகத் தெரியும். பழகுவதற்கு அது போதும்.

எந்த ஸ்கேன் வேலைக்கு ஆகும்

ரத்தத்தைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த சிடி ஆஞ்சியோவில்தான் தொடங்க வேண்டும். கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியில் ரத்தமும் தசையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம்; அதிலிருந்து குழாயைப் பிரிக்க மெனக்கெட வேண்டாம். எம்ஆர் ஆஞ்சியோவிலும் செய்யலாம், மூளைத் தமனிகளுக்கு அது நல்ல வழி. ஆனால் அங்கே பிக்ஸல் மதிப்புகளுக்கு நிலையான அளவுகோல் கிடையாது. கான்ட்ராஸ்ட் இல்லாமல் ரத்த ஓட்டத்தையே வைத்து எடுக்கும் முறையில், குறுகலுக்கு அப்பால் ஓட்டம் குழம்பும் இடத்தில் ஒளி மங்கி, அடைப்பு இருப்பதைவிட மோசமாகத் தெரியும். முதல் மாதிரிக்கு சிடியே எளிது.

ஸ்லைஸ் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒரே பரிசோதனையில் 5 மி.மீ., 1 மி.மீ. என்று இரண்டு மூன்று தொகுப்புகள் இருக்கும். பெரும்பாலும் நம்மிடம் வந்து சேர்வது 5 மி.மீ. தொகுப்பு, ஏனென்றால் மருத்துவர் வழக்கமாகப் பார்ப்பது அதைத்தான். மெல்லிய தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள். 5 மி.மீ.யில் எடுத்தால் பெருந்தமனி கீழே இரண்டாகப் பிரிந்து சாய்வாக ஓடும் இலியாக் தமனிகள் படிக்கட்டாக வரும், சிறு கிளைகள் துண்டு துண்டாகிவிடும். மென்திசுவுக்கான கெர்னலில், அதாவது ஸ்கேன் தரவைப் படமாக்கும் வடிகட்டியில், உருவாக்கிய படமே நல்லது. எலும்புக்கான கூர்மையான கெர்னல் விளிம்புகளை எடுப்பாகக் காட்டினாலும், இரைச்சலையும் சேர்த்துக் காட்டும்.

கோப்பு, மருத்துவப் படங்களுக்கான டைக்காம் வடிவில்தான் வர வேண்டும். திரையைப் படம் பிடித்த ஜேபெக், ஃபிலிமின் புகைப்படம் இவற்றையெல்லாம் மறுத்துவிடுங்கள். அவற்றில் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்கள் போய்விட்டிருக்கும், பிக்ஸல் இடைவெளி தெரியாது, ஸ்லைஸ் வரிசை தலைகீழானால் இடமும் வலமும் மாறிய கண்ணாடிப் பிம்பம்கூட உருவாகிவிடும்.

வந்ததும் முதல் வேலை, நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாவற்றையும் நீக்குவது. டைக்காம் தலைப்பில் மட்டும் அழித்தால் போதாது. கோப்புறையின் பெயரிலேயே நோயாளி பெயர் இருக்கும், கதிர்வீச்சு அளவைக் காட்டும் பக்கத்தில் பெயர் படத்தோடு படமாகப் பதிந்திருக்கும். தலை ஸ்கேன் என்றால் முகத்தையும் நீக்க வேண்டும். தோலை முப்பரிமாணத்தில் எழுப்பினால் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு மணி நேரம் வெறுமனே பார்ப்பது

இதைச் சொன்னால் மாணவர்களுக்குப் பிடிக்காது. சுட்டியைத் தொட்டதுமே வண்ணம் பூசத் தொடங்கிவிடுவார்கள். முதலில் விண்டோவை, அதாவது கருப்பிலிருந்து வெள்ளை வரை திரையில் காட்டும் எண் வரம்பை, அகலம் 600, நடுமட்டம் 200 என்று வைத்து மேலிருந்து கீழே நகர்ந்து பாருங்கள். பெருந்தமனி முதுகெலும்புக்கு முன்னால், நோயாளியின் இடப்பக்கமாகச் சற்று ஒதுங்கி இறங்கும். கீழ்ப் பெருஞ்சிரை அதற்கு நோயாளியின் வலப்பக்கம். கல்லீரலும் வலப்பக்கம்தான். இவை சரியாக இருந்தால் படம் திரும்பவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் கிளைகள்: சீலியாக் தண்டு, மேல் குடல் தமனி, இரண்டு சிறுநீரகத் தமனிகள், முன்பக்கத்தில் மெல்லிய கீழ் குடல் தமனி, கடைசியில் இரண்டாகப் பிரியும் இலியாக்குகள். ஒரே சிறுநீரகத்துக்கு இரண்டு தமனிகள் இருப்பது அரிதான விஷயமில்லை, எண்ணிப் பாருங்கள். எங்கே வெள்ளையாகக் கால்சியம் படிந்திருக்கிறது, எங்கே குழாய் எலும்பை உரசுகிறது, எங்கே ஸ்டென்ட் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிக்கல் எல்லாம் அந்த இடங்களில்தான் வரப் போகிறது.

விளிம்பு எங்கே என்று முடிவெடுப்பது

ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று -1000. கொழுப்பு -100 பக்கம், தசை 50 பக்கம். கான்ட்ராஸ்ட் நிறைந்த தமனி பொதுவாக 200 முதல் 500 வரை. ஆகவே 150க்கு மேல் எல்லாவற்றையும் எடு என்று த்ரெஷோல்ட் வைத்தால் தமனி வந்துவிடும். வரும்தான். ஆனால் அகலம்?

விளிம்பில் உள்ள ஒரு வாக்ஸலில், அதாவது முப்பரிமாணப் பிக்ஸலில், பாதி ரத்தமும் பாதி சுவரும் இருக்கும். அதன் மதிப்பு இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிற்கும். த்ரெஷோல்டை இறக்கினால் அது குழாயோடு சேரும், ஏற்றினால் வெளியே போகும். குளத்தில் நீர்மட்டத்தைப் பொறுத்துக் கரை நகர்வது மாதிரிதான்: மட்டத்தைத் தீர்மானிப்பவர் கரையையும் தீர்மானிக்கிறார். இணையத்தில் யாரோ சொன்ன 150ஐ எடுத்து எல்லா ஸ்கேனுக்கும் போடுவதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு ஸ்கேனிலும் அளந்து வைக்க வேண்டும். குழாயின் நடுவில் ஒரு சிறு வட்டம் போட்டு சராசரி பாருங்கள், வெளியே உள்ள திசுவில் இன்னொன்று. உள்ளே 380, வெளியே 50 என்றால் நடுமதிப்பு 215. அதுதான் விளிம்பு.

கொழுப்பு சூழ்ந்த இடத்தில் வெளிமதிப்பு -100 என்பதால் நடுமதிப்பு 140க்கு இறங்கும். அதே குழாய் கொழுப்புக்குள் ஓடும்போது ஒரு த்ரெஷோல்ட், தசையை ஒட்டி ஓடும்போது இன்னொன்று. நடைமுறையில் நான் சுவரை ஒட்டிய திசுவின் மதிப்பையே எடுத்துக்கொள்கிறேன். பெருந்தமனி மட்டத்தில் ஒன்று, இலியாக் மட்டத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் அளக்கிறேன். கீழே போகப் போகக் கான்ட்ராஸ்ட் குறைந்திருந்தால், ஒரே எண்ணை வைத்து மொத்தத்தையும் எடுக்காமல் பகுதி பகுதியாக எடுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 360 மி.மீ. அகலப் படம், 512 பிக்ஸல் என்றால் ஒரு பிக்ஸல் 0.7 மி.மீ. சிறுநீரகத் தமனி 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஏழே பிக்ஸல். இருபுறமும் அரைப் பிக்ஸல் கூடுதலாக எடுத்துவிட்டால் விட்டம் 14% கூடிவிடும். சீரான குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது பாய்சாயின் விதி. 1.14ஐ நான்கு முறை பெருக்கினால் 1.69. அதே அழுத்தத்தில் 69% அதிக ரத்தம் ஓடுவதாக உங்கள் கணக்கு சொல்லும். அச்சிட்டு மேசையில் வைப்பதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஓட்டக் கணக்கில் இதற்கு மேல் என்ன நுட்பம் செய்தாலும் பிழை போகாது.

எலும்பும் சிரையும்

‘செக்மென்ட் எடிட்டர்’ திறந்து த்ரெஷோல்ட் போட்டதும் தமனியோடு முதுகெலும்பு, இடுப்பெலும்பு, சிறுநீரகம் எல்லாம் ஒரே நிறத்தில் எழுந்து நிற்கும். எலும்பின் எண்களும் கான்ட்ராஸ்டின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

முதலில் ‘ஐலண்ட்ஸ்’ கருவியில் ‘கீப் செலக்டெட் ஐலண்ட்’ எடுத்துத் தமனியின் மேல் சொடுக்கிப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் எலும்பு விலகிவிடும். வழக்கமாக ஏதோ ஓரிரு வாக்ஸல் பாலமாக நின்று எலும்பையும் இழுத்து வரும். பாலத்தை அறுக்க மொத்தத்தையும் 1 மி.மீ. சுருக்கி, பிரித்து, மறுபடி விரிக்கச் சொல்வார்கள். பெருந்தமனிக்குச் சரி. ஆனால் சுருக்கும்போது 2 மி.மீ. கிளைகள் மறைந்துபோகும், விரித்தாலும் திரும்பாது. சிறு கிளை வேண்டுமென்றால் அந்த வழியில் போகாதீர்கள்.

நான் விரும்பும் வழி ‘குரோ ஃப்ரம் சீட்ஸ்’. தமனிக்கு ஒரு நிறம், எலும்புக்கு ஒரு நிறம், சிரைக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரு நிறம் என்று அங்கங்கே சில கோடுகள் மட்டும் தீட்ட வேண்டும். த்ரெஷோல்ட் செய்த பகுதியை மாஸ்க் ஆக வைத்து, அதற்குள் மட்டும் வளரவிட வேண்டும். எங்கே தப்பாகப் பரவுகிறதோ அங்கே எதிர் நிறத்தில் ஒரு கோடு சேர்த்தால் உடனே திருந்தும்.

இன்னொரு வழி, எலும்பைத் தானியங்கி முறையில் எடுத்துக் கழிப்பது. டோட்டல்செக்மென்டேட்டர் ஸ்லைசருக்குள்ளேயே நீட்சியாகக் கிடைக்கிறது. அதன் முதல் பதிப்பே 104 உறுப்புகளைப் பிரிக்கும். பெருந்தமனியும் இலியாக்குகளும் அதில் அடங்கும். அப்படியென்றால் தமனியையே அதில் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அது வேலை செய்யும் நுணுக்கம் 1.5 மி.மீ. நம் கையில் 0.7 மி.மீ. படம் இருக்கும்போது விளிம்பை அதனிடம் விட எனக்கு மனம் வராது. எலும்பைக் கழிக்க அது பிரமாதம், தமனிக்கு ஒரு முதல் வரைவாகவும் வைத்துக்கொள்ளலாம்.

சிரைகளில் ஒரு இடத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இடது சிறுநீரகச் சிரை, மேல் குடல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவில் நுழைந்து வலப்பக்கம் போகிறது. சிறுநீரகத்துக்குள் ரத்தம் வேகமாகச் சுற்றி வந்துவிடுவதால், மற்ற சிரைகள் இருண்டிருக்கும்போதே இது ஒளிரத் தொடங்கியிருக்கும். த்ரெஷோல்ட் அதைப் பெருந்தமனியோடு ஒட்டவைத்து, முன்பக்கத்தில் இல்லாத ஒரு கிளையை உண்டாக்கும். பல மாதிரிகளில் இந்தப் பொய்க் கிளையைப் பார்த்திருக்கிறேன். மூன்று திசைப் படங்களிலும் பின்தொடர்ந்து, அது கீழ்ப் பெருஞ்சிரையில் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் வெட்டிவிடுங்கள்.

கால்சியமும் ரத்தக்கட்டியும்

கால்சியம் படிவு எண்ணில் ரத்தத்தைவிட உயரத்தில் இருக்கும், 800, 1000 என்று. சரி, த்ரெஷோல்டுக்கு ஒரு மேல்வரம்பு வைத்தால் விலகிவிடும் என்று நினைப்போம். நடு மட்டும் விலகும். 1000லிருந்து 50க்கு இறங்கும் வழியில் எண்கள் 300, 400 வழியாகத்தானே வர வேண்டும்? அதனால் படிவைச் சுற்றி ஒரு மெல்லிய ஓடு ரத்தமாக வேடம் போட்டுத் தங்கிவிடும். போதாததற்கு, கால்சியம் படத்தில் தன் உண்மையான அளவைவிடப் பெரிதாகப் பூத்துத் தெரியும். கால்சியத்தைத் தனி செக்மென்டாக எடுத்துவிட்டு, குழாயின் உட்புற வளைவு அந்த இடத்தில் எப்படி ஓடியிருக்கும் என்று கையால் வரைவதுதான் நான் செய்வது. ஓட்டக் கணக்குக்குக் கால்சியம் சுவரின் பாகம், உள்வெளியில் சேராது. அச்சுக்கு என்றால் அதை வேறு நிறத்தில் சேர்த்துக்கொடுங்கள், பார்ப்பவர்களுக்கு உதவும்.

குழாய் 3 செ.மீ. தாண்டி வீங்கியிருந்தால் அது அன்யூரிசம். அதில் கவனம் தேவை. வீக்கத்துக்குள் பெரும்பாலும் உறைந்த ரத்தக்கட்டி ஒட்டியிருக்கும். கான்ட்ராஸ்ட் அதற்குள் போகாது. தசை மாதிரி சாம்பலாகக் கிடக்கும். த்ரெஷோல்ட் எடுப்பது நடுவிலுள்ள ஓடும் ரத்தத்தை மட்டும்தான். 6 செ.மீ. வீக்கம் 3 செ.மீ. சாதாரணக் குழாயாக அச்சில் வந்து நிற்கும். வெளிச்சுவரை ஐந்தைந்து ஸ்லைஸுக்கு ஒரு முறை கையால் வரைந்து, இடைவெளியை ‘ஃபில் பிட்வீன் ஸ்லைசஸ்’ கருவியால் நிரப்புங்கள். பொறுமையான வேலை, குறுக்கு வழி ஏதும் இல்லை.

மெருகேற்றுவது

கரடுமுரடாக இருக்கும் மேற்பரப்பைப் பார்த்ததும் வழவழப்பாக்கக் கை பரபரக்கும். லாப்லாசியன் ஸ்மூத்திங் என்ற எளிய வழவழப்பாக்கும் முறை ஒவ்வொரு சுற்றிலும் குழாயைச் சுருக்குகிறது. மெல்லிய கிளைதான் அதிகம் சுருங்கும். 1995இல் டாபின் முன்வைத்த முறை, சுருக்கிவிட்டு அதே சுற்றில் திரும்பக் கொஞ்சம் விரிப்பதால் கன அளவு காப்பாற்றப்படும். ஸ்லைசரின் ‘ஜாய்ன்ட் ஸ்மூத்திங்’ இந்த வகைதான். விஎம்டிகேயில் செய்தால் பாஸ்பேண்ட் (எவ்வளவு வழவழப்பு என்று தீர்மானிக்கும் எண்) 0.1, சுற்று 30 என்று தொடங்கலாம். மீடியன் வடிகட்டி இரைச்சலுக்கு நல்லது, ஆனால் அதன் அகலத்தைவிட மெல்லிய கிளையைத் தின்றுவிடும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முப்பரிமாணக் காட்சிக்காக ஸ்லைசர் தானாகவே கொஞ்சம் வழவழப்பாக்கிக் காட்டுகிறது. மேற்பரப்பை மட்டும் வைத்திருக்கும் எஸ்டிஎல் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது வெளியே போவதும் அந்த வழவழப்பான மேற்பரப்புதான். ‘ஷோ 3டி’ பொத்தானுக்கு அருகிலுள்ள பட்டியலில் அந்த அளவை மாற்றலாம். நீங்களும் ஸ்மூத்திங் செய்து, இதுவும் சேர்ந்தால் இரண்டு மடங்கு.

ஆகவே ஏற்றுமதி செய்த எஸ்டிஎல்லை அப்படியே மறுபடி ஸ்லைசருக்குள் ஏற்றி, அசல் சாம்பல் படத்தின் மேல் அதன் கோட்டைப் போட்டுப் பார்ப்பேன். கோடு வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஓட வேண்டும். சிறுநீரகத் தமனி பிரியும் இடம், இலியாக் பிரியும் இடம், மிகக் குறுகலான இடம், இந்த மூன்றிலும் விட்டத்தைப் படத்தில் அளந்து, மாதிரியிலும் அளப்பேன். ஒரு பிக்ஸலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பின்னால் போய் சரிசெய்வேன்.

நடுக்கோடு, வாய்கள்

‘எக்ஸ்ட்ராக்ட் சென்டர்லைன்’ குழாயின் நடுவே ஒரு கோடு வரைந்து, ஒவ்வொரு புள்ளியிலும் உள்ளே அடங்கும் மிகப்பெரிய கோளத்தின் ஆரத்தையும் தரும். அளவுகளுக்கு மட்டுமல்லாமல் பிழை பிடிக்கவும் இது உதவும். கோடு திடீரென்று பக்கத்துக் குழாய்க்குத் தாவினால், அங்கே இரண்டு குழாய்கள் ஒட்டியிருக்கின்றன. வயிற்றில் நாம் எடுக்கும் அளவுள்ள தமனிகள் மரம் மாதிரி பிரிந்துகொண்டே போகும், திரும்பச் சேர்ந்து வளையமாவது அபூர்வம். வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மூளையில் கதை வேறு, வில்லிஸ் வட்டம் நிஜமான வளையம்.

ஓட்டக் கணக்குக்கு ஒவ்வொரு முனையையும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டி, நேர்க்குழாயாகச் சில விட்டம் நீட்டுங்கள். அதற்கு மேல் மெஷ் வேலை, அதாவது உள்வெளியைக் கணக்குக்காகச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது, தனிக் கதை.

அச்சுக்கு ‘ஹாலோ’ கருவி. தற்போதைய செக்மென்டை உட்புற மேற்பரப்பாக வைக்கும் தேர்வை எடுங்கள். அப்போதுதான் சுவர் வெளிப்பக்கம் வளரும், உள்வெளி குறையாது. சுவர் 1.5 முதல் 2 மி.மீ. போதும். பிறகு முனைகளை ‘சிசர்ஸ்’ கொண்டு வெட்டித் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் மூடிய பையாக வரும். ரெசின் அச்சில் மெல்லிய கிளைக்குள் தங்கிய திரவத்தைக் கழுவி எடுப்பது பெரும்பாடு, 2 மி.மீ.க்குக் கீழான கிளைகளைத் திடமாகவே விட்டுவிடுகிறேன்.

எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது. ஸ்லைசர் மி.மீ.யில் எழுதும், அச்சு மென்பொருளும் மி.மீ. என்றே எடுத்துக்கொள்ளும். ஓட்டக் கணக்கு மென்பொருள்கள் சில அதை மீட்டர் என்று படிக்கும், அப்போது பெருந்தமனி 20 மீட்டர் அகலச் சுரங்கமாக வந்து நிற்கும். மாதிரி படத்தோடு பொருந்தாமல் வேறெங்கோ 180 பாகை சுழன்று நின்றால், ஆயங்களின் திசை மரபு மாறியிருக்கிறது: ஸ்லைசர் உள்ளுக்குள் வலம்-முன்-மேல் என்று வைத்துக்கொண்டு, கோப்பில் இடம்-பின்-மேல் என்று எழுதுகிறது. எக்ஸ், ஒய் இரண்டின் குறியையும் மாற்றினால் சரியாகிவிடும்.

எஸ்டிஎல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடாதீர்கள். செக்மென்டேஷன் கோப்பையும், மொத்தக் காட்சியை எம்ஆர்பி கோப்பாகவும் சேமியுங்கள். கூடவே ஒரு சாதாரண உரைக்கோப்பு: எந்தத் தொகுப்பு, பிக்ஸல் எவ்வளவு, ஸ்லைஸ் தடிமன் எவ்வளவு, த்ரெஷோல்ட் எந்த இடத்தில் எவ்வளவு, கையால் திருத்திய இடங்கள், ஸ்மூத்திங் எண்கள், மென்பொருளின் பதிப்பு. அந்த மூன்று இடங்களில் அளந்த விட்டங்களையும் அதிலேயே எழுதிவிடுகிறேன். மாதிரியை வாங்கிப்போன பொறியாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.